பதினான்கு வயது மகளோடு ராமேசுவரம் தீவைச் சைக்கிளில் சுற்ற முடியுமா?

அடையாறிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு வயது மகளோடு ஞாயிறுதோறும் முட்டுக்காடு வரை சைக்கிளில் போய் வருகிறீர்கள். ஜனவரியில் இரண்டு நாள் ஒதுக்கி ராமேசுவரம் தீவு முழுவதையும் சைக்கிளிலேயே பார்க்க வேண்டும், மொத்தம் எத்தனை கிலோமீட்டர் வரும், கியர் சைக்கிள் இல்லாமல் முடியுமா என்று கேட்கிறீர்கள். கேள்வி கிலோமீட்டரில் தொடங்கினாலும் கடைசி வரியில்தான் உங்கள் மனம் தெரிகிறது: "பாதி வழியில் அவள் இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது?" அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பெரம்பூரில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்து எனக்கு 26 ஆண்டுகள் ஆகின்றன. மனைவியின் ஊர் தங்கச்சிமடம். ஆண்டுக்கு ஒரு முறையாவது மாமியார் வீட்டுக்குப் போவதும், போனால் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு போவதும் வழக்கம். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் மகளுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. தீவின் வடிவத்தை ஓர் அகப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம், ராமேசுவரம் எல்லாம் அகப்பையின் அகலமான வாய். தென்கிழக்கே நீளும் காம்பின் நுனிதான் தனுஷ்கோடியைத் தாண்டிய அரிச்சல்முனை. கோயிலிலிருந்து மேற்கே பாம்பன் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். தென்கிழக்கே அரிச்சல்முனை ஏறத்தாழ 22. ஒரு நாள் மேற்கு, மறுநாள் கிழக்கு என்று பிரித்துக்கொண்டால் எந்த நாளும் 45 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அடையாறிலிருந்து முட்டுக்காடு போய் வரும் தூரமும் கிட்டத்தட்ட அதேதான். வழியெல்லாம் சமதரை. பாம்பன் சாலைப் பாலத்தின் முதுகும், கோயிலுக்கு வடக்கே ராமர் பாதம் இருக்கும் கந்தமாதன மேடும் தவிர ஏற்றம் என்று எதுவும் கிடையாது. ஆகவே கியர் வேண்டாம். அவளுடைய கால் பழகிய, சீட் உயரம் சரியாக அமைந்த இப்போதைய சைக்கிளே போதும்.

ஆளை அசர வைப்பது அங்கே காற்று. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலையே நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்தது. ரயிலுக்கே அந்த நிலை என்றால் பத்துப் பதினைந்து கிலோ சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் வீசுவது வடகிழக்கிலிருந்து வரும் வாடை. தனுஷ்கோடிச் சாலை தென்கிழக்கு நோக்கி ஓடுவதால் இந்தக் காற்று எதிரிலும் வராது, முதுகிலும் தள்ளாது; பக்கவாட்டில் வந்து அறையும். போகும்போது இடது கன்னம், திரும்பும்போது வலது கன்னம். போகும் பயணத்தைவிடத் திரும்பும் பயணமே கவனமாக ஓட்ட வேண்டியது என்று நான் சொல்வது களைப்பை வைத்து அல்ல. காற்று வலப்புறமிருந்து வீசும்போது நம்மை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவோம். அந்த நேரத்தில் ஒரு சுற்றுலா வேன் வலப்புறமாக நம்மைத் தாண்டினால், இரண்டு மூன்று விநாடிகள் காற்று சட்டென்று அறுந்துபோகும். சாய்ந்திருந்த உடம்புக்கு முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லாமல் சைக்கிள் வேனை நோக்கி ஒரு முழம் நகர்ந்துவிடும். ஒரு மார்கழியில் எனக்கு இது நடந்தது. வேனின் பக்கக் கண்ணாடி என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. ஓட்டுநர் மேல் தவறில்லை. சாலையின் இடது ஓரத்தை விட்டு நடுவுக்கு வந்து ஓட்டியது நான்தான்.

இதற்கு ஒத்திகை பார்க்கச் சென்னையிலேயே இடம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீங்கள் விடியற்காலையில் போய், காற்று எழும் முன் வீடு திரும்பிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிறு மட்டும் அதை மாற்றுங்கள். முட்டுக்காட்டில் இளநீர் குடித்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாக, காற்று நன்றாக எழுந்த பிறகு வடக்கே திரும்புங்கள். அப்போது கடல் உங்கள் வலப்பக்கம், காற்றும் வலப்பக்கம், உங்களைத் தாண்டும் வண்டிகளும் வலப்பக்கம். தனுஷ்கோடியிலிருந்து திரும்பும் நிலைமை அப்படியே கிடைக்கும். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டதும் பெடலை நிறுத்தாமல், கைப்பிடியை இறுக்காமல், உடம்பைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு இடது ஓரத்தைப் பிடிக்க மகளைப் பழக்குங்கள். அவள் முன்னே போகட்டும், நீங்கள் இரண்டு வண்டி நீளம் பின்னே வாருங்கள். காற்றில் படபடக்கும் தளர்ந்த சட்டையும், பாய்மரம்போல் விரியும் முதுகுப் பையும் வேண்டாம். இந்த ஒரு பயிற்சி முடிந்தால் உங்கள் கவலையில் முக்கால் பங்கு தீர்ந்துவிடும்.

மாதத்தைச் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தெற்குக் கடலிலிருந்து மணலை வாரிச் சாலையில் கொட்டும். கன்னத்தில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை வெயிலைப் பற்றிச் சென்னைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பொங்கல் நாட்களிலும் தை அமாவாசையை ஒட்டியும் ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அந்த நாட்களில் அறையும் கிடைக்காது, சாலையும் கிடைக்காது. பொங்கல் கழிந்து வரும் வாரத்தில், அமாவாசைக்குத் தள்ளி ஒரு புதன், வியாழன் கிடைத்தால் நல்லது. பள்ளிக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் குடி முழுகிவிடாது.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் ராமேசுவரம். சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து அதே ரயிலின் சரக்குப் பெட்டியில் ஏற்றலாம். கடைசி நேரத்தில் ஓடாமல் சில மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பெடல் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டு, கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டி, செயினும் பல்சக்கரமும் இருக்கும் பக்கத்துக்குச் சாக்கு சுற்றுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுழலும் என்பதை மறந்து பலம் போட்டு மரையைக் கெடுத்துக்கொண்டு என் கடைக்கு வருபவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு. பாம்பன் பாலத்துக்கு முன்னால் வரும் மண்டபம் நிலையத்தில் இறங்கிப் பாலத்தைச் சைக்கிளில் கடந்தே தீவுக்குள் நுழைய வேண்டும் என்று ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் வழியில் வரும் நிலையத்தில் ரயில் நிற்கும் சில நிமிடங்களில் சைக்கிள் இறங்குமா என்று நெஞ்சு படபடத்துக்கொண்டு நிற்பதைவிட, கடைசி நிலையமான ராமேசுவரத்துக்கே பதிவதுதான் நிம்மதி. பாலத்தைப் பிறகு போய்ப் பார்க்கலாம்.

முதல் நாள், குளித்து இட்லி சாப்பிட்டுவிட்டு மேற்கே கிளம்புங்கள். வழியில் பேய்க்கரும்பில் அப்துல் கலாமின் நினைவிடம் வரும். 2015 ஜூலை 27-இல் மறைந்தவருக்குச் சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாளில் திறந்தார்கள். கூட்டம் நிறைய இருக்கும்; எனக்கு அதைவிட ஊருக்குள் பள்ளிவாசல் தெருவில் இருக்கும் அவர் பிறந்த வீடுதான் மனத்துக்கு நெருக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனதால், நாளிதழ்க் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்கள். அவற்றைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்துக் கூலி வாங்கிய சிறுவன் அவர். உங்கள் மகளைவிட அப்போது அவருக்கு வயது குறைவு. தங்கச்சிமடத்தில் வடக்கே திரும்பினால் வில்லூண்டித் தீர்த்தம். கடலுக்குள் நீளும் நடைபாலத்தின் முடிவில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்புநீர், உள்ளே வாயில் வைக்கும்படியான நல்ல நீர். சீதையின் தாகம் தீர்க்க ராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதிகம்.

இந்த ஊர்களின் உள்வழிகளில்தான் பஞ்சர் காத்திருக்கிறது. தீவெங்கும் குடைபோல் மேலே தட்டையாக விரிந்த மரங்களைப் பார்ப்பீர்கள், உடைமரம் என்பார்கள். அழகான மரம். அதன் முள் வெள்ளையாக, விரல் நீளத்தில், தைக்கும் ஊசியைப்போல் நேராக இருக்கும். ஆடு மேய்ப்பவர்கள் தழைக்காக வெட்டிப்போட்ட கிளை காய்ந்து மணலில் புதைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. டயரில் ஏறிய முள் வெளியே ஒடிந்து, முனை மட்டும் உள்ளே நின்றுவிடும். டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினால் அரை பர்லாங்கில் மறுபடியும் பஞ்சர். ஒரு பஞ்சுத் துணியை டயரின் உட்புறம் முழுக்க ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முள் முனை இருக்கும் இடத்தில் துணி மாட்டி நூல் இழுக்கும். அங்கே இடுக்கியால் பிடுங்குங்கள். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். ஆளுக்கு இரண்டு மாற்று டியூப், ஒரு கைப் பம்ப், டயர் நெம்பும் கரண்டி, ஓர் இடுக்கி இவை போதும். பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் அங்கே சரிவராது. கொஞ்சம் அகலமான டயராக இருக்கட்டும்.

பாம்பனில் சாலைப் பாலத்தின் மேல் ஏறினால் வடக்கே ரயில் பாலம் தெரியும். 1914 பிப்ரவரி 24-இல் திறந்த பழைய பாலத்தின் நடுக்கண்ணை, கப்பல் வரும்போது இரு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். இரண்டு கைகள் விரிவதுபோல் அது மேலெழுவதைப் பார்த்தவர்களுக்கு, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குக் கண் அப்படியே செங்குத்தாக மேலே போவது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சைக்கிளைப் பாலத்தின் நடுவில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். எல்லோரும் நிறுத்துகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். பாம்பனுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் குந்துகால். அமெரிக்கப் பயணம் முடிந்து இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26-இல் கரையேறியது இங்கே. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். அங்கே இருக்கும் நினைவு மண்டபத்தைவிடக் கடற்கரைதான் நன்றாக இருக்கும். எதிரே குருசடைத் தீவு பச்சைக் கோடாகத் தெரியும்.

கோயிலைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மூன்றாம் பிராகாரத்தின் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் தூண்களும் மாலை வெளிச்சத்தில் வரிசை வரிசையாகக் கண்ணெட்டும் தூரம் போவதைப் பார்த்தாலே போதும். 22 தீர்த்தங்களிலும் நீராடுவதென்றால் சைக்கிள் வேலையெல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஈர உடையோடு சீட்டில் உட்கார்ந்து பத்து கிலோமீட்டர் மிதித்தால் தொடை உரசிப் புண்ணாகி மறுநாள் நடக்கவே முடியாது.

இரண்டாம் நாள் முழுக்கத் தனுஷ்கோடிக்கு. விடிவதற்குச் சற்று முன் கிளம்புங்கள். ஊரைத் தாண்டியதும் சவுக்குத் தோப்பு, பிறகு இருபுறமும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. கோதண்டராமர் கோயில் பக்கம் ஜனவரியில் பூநாரைகள் நிற்கும். நூறு அடிக்கு முன்பே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனால் பறக்காது. மோட்டார் வண்டிக்குப் பறந்துவிடும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை. 2017-இல்தான் இது திறக்கப்பட்டது. அதற்கு முன் வேன்கள் அலையும் மணலுமாக உருண்டு புரண்டு போகும். அந்த மணலில் சைக்கிளைத் தோளில் சுமந்து நான் ஒருமுறை போனதையும், பாதியிலேயே திரும்பியதையும் மச்சான் இன்னும் சொல்லிச் சிரிக்கிறான். இந்த ஒன்பதரை கிலோமீட்டரில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. சாலையில் மணல் படிந்திருக்கும் இடங்களில் பிரேக்கும் பிடிக்காதீர்கள், கைப்பிடியையும் திருப்பாதீர்கள். முன்பே வேகத்தைக் குறைத்து நேராகப் போங்கள், ஆழமாகத் தெரிந்தால் இறங்கி உருட்டுங்கள். இடப்பக்கக் கடலைப் பெண் கடல் என்றும், வலப்பக்கத்து மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். வாடை பலமாக இருக்கும் நாளில் பெண் கடலும் குமுறும்.

தனுஷ்கோடியைப் "பேய் நகரம்" என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. 1914-இலிருந்து சென்னையில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி வரை வந்து, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடியும் ரயிலில் கொழும்பு சேரலாம். ராமேசுவரம் ரயிலுக்குப் போட் மெயில் என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி அடித்த புயல், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு, ஊரை நெருங்கும் இடத்தில் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. ஊரும் போயிற்று. அதே புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள்; பிற்பாடு கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர் அவர்தான். தனுஷ்கோடியைக் குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இன்று தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. சுவருக்கு அருகே போய்ப் பாருங்கள்: செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் பவளப்பாறைக் கல், அதில் தேன்கூடுபோல் சின்னச் சின்னக் கண்கள். ஆனால் சுவருக்கு நாலு எட்டு தள்ளிக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன, பிள்ளைகள் படிக்கிறார்கள், வலை காய்கிறது. ஒரு முறை தண்ணீர் கேட்டபோது ஓர் ஆத்தா என்னைக் குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போனார். முழங்கால் ஆழத்துக்கு மணலைத் தோண்டி வைத்திருந்தார். அடியில் ஒரு சாண் நீர். கொட்டாங்கச்சியால் மேலாக, கலங்காமல், சின்னச் சின்னதாக அள்ளிக் குடத்தில் ஊற்றினார். "ஆழமா வெட்டினா உப்பு வந்துரும், தம்பி" என்றார். மணலில் இறங்கிய மழைநீர் எடை குறைவு என்பதால் கடல்நீரின் மேல் மிதக்கிறது. ஆழம் போனால் கீழே இருக்கும் உப்புநீர் ஏறிவிடும். குடித்தேன். இனித்தது. ஆனாலும் நீங்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டு போங்கள். அவர்கள் அள்ளிச் சேர்த்த நீரைக் கேட்டு வாங்குவது சரியில்லை என்று எனக்கு அன்றே தோன்றியது.

இறந்தவர்களின் எண்ணிக்கை என்று வேன்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதைக் குறித்துக்கொள்ள வேண்டாம். கோதண்டராமர் கோயில் அந்தப் புயலைத் தாங்கி நின்றது என்பது உறுதி. அரிச்சல்முனைக்கு அப்பால் தலைமன்னாரை நோக்கிப் போகும் மணல்திட்டு வரிசையை ராமர் அமைத்த சேது என்று நம்புகிறவர்கள் உண்டு, இயற்கையாக அமைந்த திட்டுகள் என்பவர்களும் உண்டு. சைக்கிள் கடைக்காரன் தீர்ப்புச் சொல்லும் விஷயம் அல்ல அது. அங்கே கடலில் மட்டும் இறங்காதீர்கள். இரண்டு கடல் நீரும் மோதும் இடம், கால் அளவு நீரே இழுத்துவிடும். முனைக்கு எத்தனை மணிக்கு விடுவார்கள், எத்தனை மணிக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்பது காவல்துறை கையில் இருக்கிறது. காலநிலையைப் பார்த்து மாற்றுவார்கள். முந்தின நாள் மாலை விடுதியில் விசாரித்துவிடுங்கள். எப்படியும் காலை ஒன்பதரைக்குள் முனையை விட்டுக் கிளம்பிவிட்டால் வெயிலுக்கும் வேன் கூட்டத்துக்கும் தப்பலாம்.

இனி அந்தக் கடைசி வரி. அவள் உட்கார்ந்துவிட்டால் உட்காரட்டும். பகலில் அந்தச் சாலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டியாவது போகும்; பஸ் உண்டு, ஆட்டோ உண்டு, மீன் ஏற்றிவிட்டுக் காலியாகத் திரும்பும் குட்டி வண்டிகளும் உண்டு. சைக்கிளைப் பின்னால் போட்டுக்கொண்டு ஊருக்குள் விட்டுவிடுவார்கள். என் மனைவியையே இரண்டு முறை அப்படிக் கூட்டிவந்திருக்கிறேன். பெண்பிள்ளை விஷயத்தில் நான் ஆண் என்பதால் தெரியாதது நிறைய இருக்கும் என்று அவளிடமே கேட்டேன். பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் ஊரைத் தாண்டினால் கழிப்பறை அரிது, கிளம்பும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள். ஆண்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் இந்த வரியை நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்து அறையில் சாயும் முன் ஒரு வேலை இருக்கிறது. கடலோர உப்புக்காற்றில் ஒரே இரவில் செயினில் செம்மண் பூசியதுபோல் துரு ஏறிவிடும். ஆளுக்கு இரண்டு வாளி நல்ல தண்ணீர் கேட்டு வாங்கி, சக்கரக் கம்பிகள், ஃப்ரீவீல், பிரேக் கட்டைகளில் மணல் போகக் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்ட பிறகுதான் சாக்கு சுற்ற வேண்டும். மகளின் சைக்கிளை அவளே கழுவட்டும்.